எம்ஆர்ஐ-ல தெரியிற வெள்ளை அமோனியாவா? அம்மா ரிப்போர்ட் பத்தி ஒரு கேள்வி

கேள்வி: 12 ஜூலை 2024, வெள்ளி, இரவு 10.40

அம்மாவுக்கு 58 வயசு, கல்லீரல் சுருக்கம்னு ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறாங்க. போன வாரம் திடீர்னு பேச்சு குழறிடுச்சு, பகல் பூரா தூக்கம், ராத்திரி பூரா முழிப்பு, என்னையே யாருப்பா நீன்னு கேட்டாங்க. அட்மிட் பண்ணி நாலு நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க, இப்ப பரவால்ல. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல ரெண்டு பக்கமும் குளோபஸ் பேலிடஸ்ல டீ1 ஹைப்பர்இன்டென்சிட்டின்னு இருக்கு. பக்கத்து வீட்டு அண்ணன், அமோனியா மூளையில படிஞ்சு போச்சு, இனிமே போகாதுங்கிறாரு. நிஜமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வியாசர்பாடியில இருக்கோம்.

12 ஜூலை, இரவு 11.50

தம்பி, அந்த அண்ணன் சொன்னத மனசுல ஏத்திக்காதீங்க. அந்த வெள்ளை அமோனியா கிடையாது, மாங்கனீஸ். தானியம், கீரை, டீ, நம்ம சாப்பிடுற எல்லாத்துலயும் கொஞ்சம் மாங்கனீஸ் இருக்கு, தேவைக்கு மேல போனத கல்லீரல் பித்தத்துல தள்ளி மோஷன் வழியா அனுப்பிடும். கல்லீரல் சுருங்கி இறுகிட்டா குடல்ல இருந்து வர்ற ரத்தத்துக்கு உள்ள போக வழியில்லாம பக்கத்து ரத்தக்குழாய் வழியா சுத்திக்கிட்டு நேரா பொது ஓட்டத்துல கலந்துடும், மாங்கனீசும் அதோட போய் மூளையில நடுவுல இருக்கிற குளோபஸ் பேலிடஸ்ல தங்கிடும். அதுக்குக் காந்த குணம் இருக்கறதால டீ1ங்கற எம்ஆர்ஐ பட வகையில பளிச்சுனு வெள்ளையா தெரியும். அமோனியா அப்படி எந்தப் படத்துலயும் நேரா தெரியாது. குடல்ல இருந்து வர்ற அமோனியாவ கல்லீரல் சமாளிக்க முடியாம அது மூளைக்குப் போய் வர்ற குழப்பத்துக்குத்தான் ஹெபாட்டிக் என்செஃபலோபதின்னு பேரு, நாம பேசுற வியாதி அதுதான்.

இனிமே போகாதுங்கறதும் தப்பு. மாற்றுக் கல்லீரல் வச்சவங்களுக்கு ஒரு வருஷம் ஆகுறதுக்குள்ள அது மங்கி மறைஞ்சுபோறது தெரிஞ்ச விஷயம்.

இன்னொண்ணு, அது எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு குழப்பம்னு கணக்கு கிடையாது. நல்லா வெளுத்த பேலிடஸோட வர்றவங்க மெஷின்ல இருந்து எழுந்து செருப்பு போட்டுக்கிட்டே என்கிட்ட பெட்ரோல் விலை பேசிட்டுப் போறாங்க. கொஞ்சம்கூட வெளுக்காத ஆள ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டு வர்றாங்க.

நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், டாக்டர் இல்ல. 14 வருஷமா இதே வேலை. எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க: ரிப்போர்ட்ல டிஃப்யூஷன் பத்தி என்ன எழுதியிருக்காங்க, இன்சுலா, சிங்குலேட்னு ஏதாவது வார்த்தை வருதா? அம்மா வாசல்ல கோலம் போடுற பழக்கம் உண்டா?

13 ஜூலை, சனி, காலை 6.15

மேல பதில் போட்ட டெக்னீஷியன்தான். தூக்கம் வரல. எங்க அப்பா கதைய எழுதிடுறேன்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல 31 வருஷம் வெல்டர், 2011ல ரிட்டயர். சர்க்கரை 20 வருஷமா. ஒரு சொட்டு குடிச்சதில்ல. 2019ல வயித்துல தண்ணி கட்டினப்பதான் சிரோசிஸ்னு தெரிஞ்சுது, கொழுப்பு படிஞ்சு படிஞ்சு வந்தது. எங்க போனாலும் முதல் கேள்வி "எத்தனை வருஷமா குடிக்கிறாரு?" அம்மா பக்கத்துலயே நிப்பாங்க, ஒவ்வொரு தடவையும் தலைய குனிஞ்சுக்குவாங்க. சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்தாலே கல்லீரல் சுருங்குற அளவுக்குப் போகும், இத நான் பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டுதான் இருக்கேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்க வீடு கொளத்தூர் பக்கம், தரைத்தளம். முட்டி வரைக்கும் தண்ணி, கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, சாக்கடை எதுத்துக்கிட்டு கக்கூஸ்ல மேல வந்துடுச்சு. அப்பா யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம லாக்டுலோஸ் சிரப்ப, அதான் மோஷன் வழியா அமோனியாவ வெளியேத்துற மருந்த, நிறுத்திட்டாரு. அத குடிச்சா ஒரு நாளைக்கு மூணு தடவை போகணுமே, எங்க போவாரு? பாட்டில் அலமாரியில அப்படியே நின்னுச்சு, நாங்க பாலுக்கும் குடிதண்ணிக்கும் அலைஞ்சுக்கிட்டு இருந்ததுல ஒருத்தரும் அதப் பாக்கல. ரெண்டு நாள் மோஷன் இல்ல, தண்ணியும் சரியா குடிக்கல.

புதன்கிழமை ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்துல சட்டைய மாட்டிட்டு வந்து "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, கேரியர் கட்டியாச்சா"ன்னு கேட்டாரு. மழையில பயந்து போய் பேசுறாருன்னு அம்மா நினைச்சாங்க. நான் டம்ளர்ல தண்ணி குடுத்தேன். வாங்கிப் பிடிச்சாரு, மணிக்கட்டு பொசுக்குனு கீழ தொங்குச்சு, உடனே தூக்கினாரு, மறுபடி தொங்குச்சு, தண்ணி லுங்கியில சிந்துது, அவரு அதக் கவனிக்கவே இல்ல. பாக்க நடுக்கம் மாதிரி இருக்கும், ஆனா உள்ள நடக்கறது வேற, தசையோட பிடிப்பு கண் இமைக்கிற நேரம் அறுந்து அறுந்து சேருது. ஆடம்ஸ், ஃபோலின்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க 1949ல இத விவரிச்சாங்க, ஆஸ்டெரிக்ஸிஸ்னு பேரு. வார்டுல ஃப்ளாப்புனு சொல்லுவாங்க. வர்ற ஸ்லிப்புல "ஃப்ளாப் பாசிட்டிவ்"னு எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், அது என்னன்னு எனக்கு உறைச்சது அந்த மெழுகுவர்த்தியிலதான்.

வியாழன் காலையில டிராக்டர்ல ஏத்தி மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோய் அங்க இருந்து ஆம்புலன்ஸ். அமோனியா 150ன்னு வந்துச்சு. எனிமா குடுத்தாங்க, மூக்கு டியூப் வழியா லாக்டுலோஸ் விட்டாங்க, மறுநாள் 88. சாயங்காலம் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டு "வாசல்ல தண்ணி வடிஞ்சுதா"ன்னு கேட்டாரு. ஒரே நாள்ல கிட்டத்தட்ட பாதியாச்சு பாருங்க தம்பி, இது திரும்பி வர்ற வியாதிதான்.

13 ஜூலை, இரவு 9.30

டிஃப்யூஷன்ல ரெஸ்ட்ரிக்ஷன் இல்லைன்னு எழுதியிருக்குன்னு தம்பி போட்டிருக்காரு. நல்லது, அதுதான் எனக்கு வேணும்.

ஏன் கேட்டேன்னா டீ1ல தெரியிற வெள்ளையும் டிஃப்யூஷன்ல தெரியிற வெள்ளையும் வேற வேற. டீ1 வெள்ளை பழைய கணக்கு, மாசக்கணக்குல மெதுவா சேர்ந்தது. டிஃப்யூஷன் வெள்ளை இன்னைக்கு நடக்கிற விஷயம். நம்ம உடம்புல தண்ணி மூலக்கூறு எப்பவும் அலைஞ்சுக்கிட்டே இருக்கும், செல்லு வீங்கிட்டா அது அலைய இடமில்லாம மாட்டிக்கும், அந்த இடம் டிஃப்யூஷன் படத்துல வெளுத்தும், அதோட ஜோடிப் படமான ஏடிசி மேப்புல கறுத்தும் தெரியும். அமோனியா திடீர்னு ரொம்ப ஏறினவங்களுக்கு இது மூளையோட மேல்புறணியில வரும், அதுலயும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, இன்சுலாங்கற மடிப்புக்குள்ள ஒளிஞ்ச பகுதியிலயும், நடுக்கோட்டை ஒட்டி இருக்கிற சிங்குலேட்லயும். மூளையோட உள்ள நடுவுல இருக்கிற தலாமஸ்லயும் சில பேருக்கு வரும். பின்பக்கம் பார்வைக்கான பகுதியும், கை கால் அசைவுக்கான மேட்டை ஒட்டின பகுதியும் பெரும்பாலும் தப்பிச்சிடும். மூச்சு நின்னுபோய் வர்ற பாதிப்புல இப்படித் தப்பிக்கிறது வழக்கமில்ல, அதனால ரேடியாலஜிஸ்ட் அதத் தேடித் தேடிப் பாப்பாங்க. சர்க்கரை ரொம்பக் கீழ போனாலும் நீண்ட நேரம் வலிப்பு வந்தாலும் புறணி இப்படி வெளுக்கும், அதனால படத்த மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க.

இந்தப் படம் வந்தா அது அவசரம். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ரிப்போர்ட் டைப் ஆகட்டும்னு காத்திருக்க மாட்டோம், டாக்டருக்கு நேரா போன். சீக்கிரம் அமோனியாவ இறக்கினா சில பேருக்கு அந்த வெள்ளை மறைஞ்சு ஆளும் தேறிடுறாங்க, லேட்டானா புறணி அடுக்கு செத்துப்போய் அப்புறம் மூளை சுருங்குறதுதான் மிஞ்சும்.

14 ஜூலை, ஞாயிறு, மதியம் 3.05

ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "நெட்ல படிச்சேன், அமோனியாவால மூளையில அல்சைமர் டைப் 2 வரும்னு இருக்கு, அப்ப இது மறதி நோயா மாறிடுமா?"

மாறாதுங்க. பேருதான் அப்படி. அல்சைமருங்கறது டாக்டரோட பேரு. மறதி நோய விவரிச்ச அதே அலோயிஸ் அல்சைமர், வான் ஹொஸ்லின்னு இன்னொருத்தரோட சேர்ந்து 1912ல ஒரு நோயாளியோட மூளைய மைக்ராஸ்கோப்ல பாத்து ஒரு விசித்திரமான செல்ல எழுதி வச்சாரு. அந்த நோய் இன்னைக்கு வில்சன் நோய்னு நாம சொல்ற, செம்பு சேர்ற கல்லீரல் நோயோட வகை. வில்சன் தன்னோட பெரிய கட்டுரைய வெளியிட்டதும் அதே 1912தான்.

அந்தச் செல்லு ஆஸ்ட்ரோசைட். நரம்பு செல்லுக்குப் பக்கத்துல இருந்து அதுக்கு வேண்டியத எடுத்துக் குடுத்து, வேண்டாதத அள்ளிப் போடுற செல்லு. நல்ல ஆஸ்ட்ரோசைட்டோட உட்கரு நீள்வட்டமா, அளவா இருக்கும். டைப் 2 ஆயிட்டா உட்கரு ஊதி, உள்ள கண்ணாடி மாதிரி காலியா வெளிறி, இருக்கிற நிறமெல்லாம் ஓரத்துல ஒதுங்கி ஒரு மெல்லிய வளையமா நிக்கும், நடுவுல ஒரு சின்னப் புள்ளி. ஒரு தடவை பேத்தாலஜி படிக்கிற பொண்ணு ஒருத்தி ஸ்லைடு காட்டினா, நான் கண்ண வச்சதும் சோப்பு நுரையில குமிழி குமிழியா நிக்கற மாதிரிதான் தெரிஞ்சுது. பக்கத்துல நரம்பு செல்லுங்க பெருசா சேதமில்லாம நின்னுச்சு. எனக்கு அதுதான் மனசுல நின்னது. இந்த வியாதியில முதல் அடி வாங்கறது வேலைக்காரச் செல்லு.

ஏன் அதுக்கு மட்டும்? மூளையில அமோனியாவ சமாளிக்கிற என்சைம், குளுட்டமின் சிந்தடேஸ், பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்லதான் இருக்கு. கல்லீரல்ல யூரியாவா மாத்துற வசதி மூளைக்கு முழுசா கிடையாது. அதனால ஆஸ்ட்ரோசைட் அமோனியாவ குளுட்டமேட்டோட ஒட்டி குளுட்டமினா மாத்தும். மாத்தின குளுட்டமின் உள்ளயே சேர்ந்தா உப்புல ஊறின மாங்கா மாதிரி இல்ல, அதுக்கு நேர் எதிர், தண்ணிய உள்ள இழுத்துக்கிட்டு வீங்கும். நார்மன்பெர்க்னு ஒரு பேத்தாலஜிஸ்ட் வாழ்க்கை பூரா இந்த செல்லுக்குப் பின்னாடியே போனவரு, 2006ல அவரும் ஆல்ப்ரெக்ட்டும் சேர்ந்து இன்னொண்ணு சொன்னாங்க: குளுட்டமின், செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள நல்ல பிள்ளையா நுழைஞ்சு அங்க உடைஞ்சு மறுபடி அமோனியாவா மாறி சேதம் பண்ணுது, டிராய் குதிரைக்குள்ள ஒளிஞ்சு வந்த வீரர்கள் மாதிரி.

14 ஜூலை, மாலை 4.20

மேல நார்மன்பெர்க்னு தப்பா அடிச்சிட்டேன், நோரன்பெர்க்.

14 ஜூலை, இரவு 11.15

திடீர்னு மூளை வீங்கி மண்டைக்குள்ள அழுத்தம் ஏறி உயிர் போற ஆபத்து இருக்கான்னு தம்பி தனியா மெசேஜ்ல கேட்டாரு, எல்லாருக்கும் பயன்படும்னு இங்கயே போடுறேன். அது முக்கியமா நல்லா இருந்த கல்லீரல் சில நாள்ல மொத்தமா படுத்துடுறவங்களுக்கு, மஞ்சக்காமாலை வைரஸ்ல, சில விஷத்துல. அவங்களுக்கு அமோனியா மளமளன்னு ஏறும், ஆஸ்ட்ரோசைட்டுக்குத் தயாராக நேரமே இருக்காது. வருஷக்கணக்கா சிரோசிஸ் இருக்கிறவங்க மூளை மெல்ல மெல்ல பழகிக்கும். எப்படின்னா உள்ள குளுட்டமின் கூடக் கூட மையோஇனோசிட்டால்ங்கற வேற ஒரு பொருள வெளிய தள்ளி, உள்ள கரைஞ்சிருக்கிற அளவ சமன் பண்ணிக்கும். வீக்கம் இருக்கும், கொஞ்சமா இருக்கும்.

இத உயிரோட இருக்கிற ஆள்கிட்டயே பாக்கலாம், ஸ்பெக்ட்ரோஸ்கோபின்னு ஒரு சீக்வென்ஸ். படம் வராது, மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு வரும், ஒவ்வொரு சிகரமும் ஒரு ரசாயனம். கோட்டுக்கு அடியில இருக்கிற அளவுகோல்ல (பிபிஎம்) 3.5 பக்கத்துல மையோஇனோசிட்டால் அமுங்கியிருக்கும், 3.2ல கோலின் குறைஞ்சிருக்கும், 2.1ல இருந்து 2.5 வரைக்கும் குளுட்டமின் குளுட்டமேட் கூட்டம் தூக்கிட்டு நிக்கும். 2.0ல இருக்கிற என்ஏஏ, அதாவது நரம்பு செல்லோட அடையாளம், ஏறக்குறைய அப்படியே நிக்கும். அப்பாவுக்கு எடுத்தப்ப அந்த என்ஏஏ சிகரம் நிமிர்ந்து நிக்கறதப் பாத்துட்டு கன்சோல் முன்னாடி உக்காந்து அழுதுட்டேன். கூட வேலை பாக்குற தம்பி என்னக்கா ஆச்சுன்னு ஓடி வந்தான்.

17 ஜூலை, புதன், இரவு 10.00

பெரிய திருத்தம் ஒண்ணு. 13ஆம் தேதி காலையில அமோனியா ஒரே நாள்ல 150ல இருந்து 88 ஆச்சுன்னு எழுதினேன். இன்னைக்கு அப்பாவோட ஃபைல எடுத்து வச்சு ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். 150ங்கறது ஒரு லேபோடது, யூனிட் மைக்ரோகிராம் பெர் டெசிலிட்டர். 88ங்கறது வேற லேப், மைக்ரோமோல் பெர் லிட்டர். லிட்டருக்கு 1 மைக்ரோமோல்னா டெசிலிட்டருக்கு 1.7 மைக்ரோகிராம். 88ஐ 1.7ஆல பெருக்குங்க, 149.6 வரும்.

அதாவது குறையவே இல்ல! ஏழு மாசமா நான் சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் இந்தக் கதைய சொல்லிட்டு இருந்திருக்கேன்.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. அப்பா முழிச்சதும் நிஜம், நம்பர் அசையாததும் நிஜம். நம்பரப் பாத்து ஆள எடை போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப தலையாட்டினேன், இப்பதான் புரியுது. ரெண்டாவது, அந்த 150ஏ சரியான்னு சந்தேகம். அமோனியாவுக்கு எடுக்கிற ரத்தம் ஊதா மூடி டியூப்ல எடுத்ததும் ஐஸ்ல வச்சு கால் மணி அரை மணிக்குள்ள லேபுக்குப் போயாகணும், இல்லன்னா டியூப்புக்குள்ளயே ரத்த அணு அமோனியாவ உண்டு பண்ணிட்டே இருக்கும். கைய இறுக்கிக் கட்டி ரொம்ப நேரம் முஷ்டி மடக்கச் சொன்னாலும் ஏறும். அன்னைக்கு வெள்ளத்துல அந்த டியூப் ஒரு பிளாஸ்டிக் கவர்ல முக்கால் மணி நேரம் மேஜை மேல இருந்ததப் பாத்தேன். ஏன்னு கேட்கத் தோணல, எனக்கே அப்ப தெரியாது.

குழப்பமா இருக்கிற கல்லீரல் நோயாளிக்கு சரியா எடுத்த அமோனியா நார்மலா வந்துச்சுன்னா அந்த நம்பருக்கு மதிப்பு அதிகம். அப்ப சர்க்கரை, சோடியம், தலையில ரத்தக்கசிவு, கிருமின்னு வேற காரணம் தேடணும். இந்தப் பக்கம் மட்டும் அது நல்லா உதவும்.

18 ஜூலை, காலை 7.10

சாப்பாடு பத்தி நிறைய கேள்வி. பருப்பு, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டோம், கஞ்சிதான் குடுக்கறோம்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க.

இந்த பயம் எங்க இருந்து வந்துச்சுன்னா, ரஷ்யாவுல 1877ல எக்னு ஒரு சர்ஜன் நாய்க்கு குடல்ல இருந்து கல்லீரலுக்குப் போற பெரிய நாளத்த நேரா கீழ்ப் பெருநாளத்தோட சேர்த்துத் தெச்சாரு. 1893ல பாவ்லோவ் கூட்டம், மணியடிச்சு நாய்க்கு எச்சில் ஊற வச்சாரே அவரேதான், அந்த மாதிரி நாய்க்கு மாமிசம் போட்டா தள்ளாடி, வலிப்பு வந்து, நினைவு தப்பிப் போறத எழுதினாங்க. அதுல இருந்து பல பத்து வருஷம் கல்லீரல் நோயாளிக்குப் புரோட்டீன் வெட்டு. இப்ப அது தப்புன்னு முடிவாயிடுச்சு. குறைச்சுக் குடுத்து ஒரு நன்மையும் வரல, ஆளு இளைச்சதுதான் மிச்சம். தசையும் அமோனியாவப் பிடிச்சு குளுட்டமினா மாத்துது, கல்லீரல் படுத்தப்புறம் அதுதான் பெரிய துணை. தசை கரைஞ்சா அமோனியா இன்னும் ஏறும். ஒரு கிலோ உடம்பு எடைக்கு ஒரு நாளைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன் வேணும்னுதான் இப்ப சொல்றாங்க, பயறு, பருப்பு, தயிர் மாதிரி வகை நல்லாவே ஒத்துக்கும். எங்க வீட்ல சாயங்காலம் சுண்டல், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி. ராத்திரி பூரா வயிறு காலியா இருந்தா உடம்பு தசைய எடுத்து எரிக்கும், அதுக்குத்தான் அந்த இட்லி.

18 ஜூலை, காலை 7.25

இதையும் சொல்லிடுறேன். லாக்டுலோஸ் நல்லதுன்னு கூடக் கூட ஊத்தாதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமா போற அளவுதான் குறி. எட்டு பத்து தடவை போனா உடம்புல தண்ணி வத்தி, உப்பு மாறி, அதுவே மறுபடி குழப்பத்துல கொண்டுபோய் விடும். எங்க அம்மா காலண்டர்ல பென்சில்ல கோடு போடுவாங்க, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு.

21 ஜூலை, ஞாயிறு, காலை 11.40

வெல்டிங் விஷயம். அப்பாவுக்கு எம்ஆர்ஐ எடுத்தப்ப பேலிடஸ் நல்லா வெளுத்திருந்துச்சு, ரேடியாலஜிஸ்ட் படத்தப் பாத்துட்டே என்கிட்ட கேட்ட முதல் கேள்வி "அப்பா என்ன வேலை பாத்தாரு?" வெல்டர்னதும் "அதான் கேட்டேன்"னாரு. வெல்டிங் ராடுல மாங்கனீஸ் இருக்கு, அந்தப் புகைய மூச்சுல இழுக்கிறவங்களுக்கும் மாங்கனீஸ் சுரங்கத்துல வேலை பாக்குறவங்களுக்கும் இதே இடம் இதே மாதிரி வெளுக்கும். எனக்கு ஒரு மாசம் வயித்தெரிச்சல். 31 வருஷம், முகத்துல ஒரு கறுப்புக் கண்ணாடியத் தவிர ஒரு மாஸ்க் கிடையாது, அந்தப் புகைதான் அவர் மூளையில போய் உக்காந்திருக்குன்னு நினைச்சு ராத்திரி ராத்திரி புலம்பினேன்.

இப்ப யோசிச்சா அது இருக்க முடியாது. புகை நின்னா ஆறு மாசம் ஒரு வருஷத்துல டீ1 வெள்ளை மங்கிடும். அப்பா வேலைய விட்டது 2011, படம் எடுத்தது 2023. நடுவுல 12 வருஷம். இது கல்லீரலத் தாண்டி ஓடின ரத்தம் கொண்டுவந்து போட்டதுதான். அந்த 31 வருஷத்துப் புகை அவர் நெஞ்சுக்கு என்ன பண்ணுச்சுங்கறது வேற விஷயம், அத நான் மன்னிக்கல.

கூட வேலை பாக்குறவங்க ஒருத்தர் படிச்சுட்டு ஞாபகப்படுத்தினாரு: அடிக்கடி காடோலினியம் கான்ட்ராஸ்ட் ஊசி, அதுலயும் பழைய லீனியர் வகை, போட்டவங்களுக்கும் பேலிடஸும் சிறுமூளையில டென்டேட்ங்கற பகுதியும் டீ1ல வெளுக்கலாம், 2014ல ஜப்பான்ல இருந்து அது வெளிய வந்துச்சு. நரம்பு வழியாவே மாசக்கணக்குல சாப்பாடு ஏத்துறவங்களுக்கும் மாங்கனீஸ் சேரும். சிடி ஸ்கேன்லயும் வெள்ளையா இருந்தா கால்சியமான்னு பாக்கணும். அதனால பழைய ஃபிலிம், பழைய டிஸ்க் எல்லாத்தையும் அடுத்த ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போங்க, துணிக்கடை கவர்ல சுருட்டி வைக்காம தட்டையா வைங்க.

23 ஜூலை, செவ்வாய், இரவு 12.30

இன்னைக்கு டியூட்டியில நடந்தத எழுதாம தூங்க முடியாது. 60 வயசு இருக்கும் ஒரு ஐயா, சிரோசிஸ், குழப்பத்துல வந்தாரு, மெஷினுக்குள்ள படுக்க மாட்டேங்கிறாரு, காயில்ங்கற கூண்டத் தலையில மாட்டினதும் கழட்டுறாரு. கூட வந்தவங்க, ஊசி போட்டுத் தூங்க வச்சு எடுங்கன்னு கத்துறாங்க. தூக்க ஊசி, மிடசோலம் மாதிரி, இந்த மாதிரி மூளைக்கு எரியிற தீயில எண்ணெய். எங்க அப்பாவுக்கே ஒரு இடத்துல எடுக்கறதுக்கு முன்னாடி போட்டு விட்டாங்க, அவர் முழிக்க ரெண்டு நாள் ஆச்சு, படம் என்னமோ அசைவில்லாம அழகா வந்துச்சு.

இன்னைக்கு நான் டாக்டர்கிட்ட பேசிட்டு டிஃப்யூஷன மட்டும் முதல்ல எடுத்தேன், ஒரு ரெண்டு நிமிஷ வேலை. அவர் மக உள்ள வந்து, கம்மல் செயின் எல்லாம் கழட்டிட்டு, அவர் பாதத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "அப்பா, நான் இங்கதான் இருக்கேன்"னு சொல்லிட்டே இருந்தா, மெஷின் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது, கை படுறது தெரிஞ்சிருக்கும். அசையல. இன்சுலா சுத்தமா இருந்துச்சு. மத்ததெல்லாம் நாளைக்கு எடுத்துக்கலாம்னு அனுப்பிட்டோம்.

ராத்திரி தூங்கலன்னு மெடிக்கல்ல அல்பிரசோலம் வாங்கிக் குடுக்குற பழக்கம் இருக்கிற வீடு இதப் படிச்சா நிறுத்தி வச்சு டாக்டர்கிட்ட கேளுங்க. பகல் தூக்கம் ராத்திரி முழிப்பு இந்த வியாதியோட முதல் அடையாளங்கள்ல ஒண்ணு, அத மாத்திரையால மூடக் கூடாது.

24 ஜூலை, காலை 8.00

வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுற தம்பிக்கு லிவர் டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனா எந்நேரமும் சோர்ந்து தூங்குறான், அவனுக்கும் இது வருமான்னு ஒருத்தங்க கேட்டிருக்காங்க. வரலாம். அந்த மருந்து கல்லீரல் கெடாமலே அமோனியாவ ஏத்தும். நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, வலிப்பு திரும்பிடும். இன்னைக்கே நரம்பு டாக்டர்கிட்ட சொல்லி அமோனியா பாக்கச் சொல்லுங்க. ஐஸ்!

4 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 9.20

தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தாரு, ரெண்டு கோலம். கோலம் பத்தி நான் கேட்டதுக்கு அவர் முதல்ல பதில் சொல்லல, என்னமோ சம்பந்தமில்லாம கேக்குறேன்னு நினைச்சிருப்பாரு. இந்த வியாதியில பேச்சு குழறுறதுக்கு முன்னாடியே இடம் கணக்குப் பண்ற புத்திதான் போகும். டாக்டர் நட்சத்திரம் வரையச் சொல்லுவாங்க, 1, 2, 3ன்னு சிதறிக் கிடக்கிற எண்ண கோட்டால சேர்க்கச் சொல்லுவாங்க. நம்ம வீட்டு அம்மாங்க தினம் காலையில அத விட கஷ்டமான பரீட்சைய வாசல்ல எழுதிட்டு வர்றாங்க. எங்க அப்பாவுக்குக் கோலம் வராது, அவருக்கு நான் வச்சது கையெழுத்து. தினம் காலையில ஒரு டைரியில தேதியும் பேரும் ஊரும் எழுதுவாரு. போன மார்ச்ல ஒரு நாள் கொளத்தூருங்கறதுல ள வயித்த மூடாம விட்டாரு, அடுத்த வரி மேல ஏறிடுச்சு. அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணினோம், சளிக் காய்ச்சல் உள்ள ஆரம்பிச்சிருந்துச்சு, ரெண்டு நாள்ல சரியாச்சு, அட்மிட் பண்ணல.

தம்பியோட முதல் படம் ஜூன் 24, தங்கச்சி ஏதோ ஸ்டேட்டசுக்காக எடுத்தது. அட்மிட் ஆகறதுக்கு பத்து நாள் முன்னாடி. ஏழு புள்ளி ஏழு வரிசை வைக்கிற அம்மா, நாலாவது வரிசையில புள்ளிய ரெண்டு விரல் தள்ளி வச்சிருக்காங்க, சிக்கு எங்கயோ போய் முட்டி நிக்குது, பாதியில விட்டுட்டு எழுந்து போயிருக்காங்க. வீட்ல எல்லாரும் அது மேல நடந்துதான் போயிருக்காங்க.

ரெண்டாவது படம் இன்னைக்குக் காலையில எடுத்தது. புள்ளி நேரா இருக்கு, வரிசை சரியா இருக்கு, கோடு மெல்லிசா, அவசரமில்லாம போயிருக்கு. பெரிசு பண்ணிப் பாத்தேன் தம்பி, வலது ஓரத்துல கீழ ஒரு சிக்கு மட்டும் மூடல. மாவு தீர்ந்து அப்படி விட்டாங்களா, கை போகலையா? எதுக்கும் சொல்லுங்க, நேத்து எத்தனை தடவை போனாங்க?